ஊசிக்கு முன் சில கேள்விகள்

2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூக் கடைக்கு மாநகராட்சி சீல் வைத்தது. இளைஞர்களின் நாக்கை இரண்டாகப் பிளந்து, அதைக் காணொளியாகவும் போட்டிருந்தார்கள், இருவர் கைதானார்கள். நாக்கை ஊரறியக் காட்டியதால் விஷயம் வெளியே வந்தது. மறைவிடத்தில் வளையம் குத்திக்கொண்டவர், சீழ் பிடித்தாலும் வாய் திறப்பாரா?

மறைவிடத்தில் குத்தும் பழக்கம் புதிதல்ல. தென்னாட்டார் ஆண்குறியில் துளையிடுவதாகக் காமசூத்திரமே சொல்கிறது. இலங்கையின் மாத்தளை முத்துமாரியம்மன் திருவிழாக் காவடியைப் பார்க்கப் பல்லேகமையிலிருந்து போய்வரும் இளைஞருக்கும் ஊசி அந்நியமில்லை. ஆனால் கன்னத்து அலகு அன்றைக்கே கழன்றுவிடும். மறைவிட வளையமோ தங்கிவிடும்.

புண் ஆறச் சில வாரங்களும் ஆகலாம், மாதக்கணக்கும் ஆகலாம். அதுவரை உடலுறவைத் தள்ளிவைக்க வேண்டும்; ஆறிய பிறகும் வளையம் உரசி ஆணுறை கிழியலாம். குத்துபவர் காது குத்தும் துப்பாக்கியை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அதன் பிளாஸ்டிக் உடல் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் 121 பாகை செல்சியஸ் நீராவியைத் தாங்காது. நிக்கல் கலந்த மலிவு வளையம் வேண்டாம், மருத்துவத் தர டைட்டானியம் கேளுங்கள். ஹெபடைடிஸ் பி, ஏற்புத் தடுப்பூசிகள் முன்பே போட்டிருக்க வேண்டும். நீரிழிவுக்காரர் முதலில் மருத்துவரைக் கேட்கட்டும்.

காய்ச்சலோ சீழோ கண்டால் வளையத்தைத் தாமாகக் கழற்றக் கூடாது. துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கும். மருத்துவரிடம் காட்டுங்கள்; இலங்கையின் அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் கட்டணமில்லை, இரகசியமும் காப்பார்கள்.