ஒண்ணரை லட்சத்துக்கு பழைய கார்: பெயின்ட்டைப் பார்க்காதீங்க, ஆர்சி தேதியைப் பாருங்க

"ராஜபாளையத்துல வேலை, ஸ்ரீவில்லிபுத்தூர்ல வீடு. 13 வருஷ கார் ஒண்ணரை லட்சத்துக்கு வருது, வாங்கலாமா சார்?" இப்படி நிறைய பேர் கேட்கறீங்க. என் பதில்: வேண்டாம்.

சொந்தக் காருக்கு ஆர்சி 15 வருஷம்தான். மிச்சம் ரெண்டு வருஷம். டயர், பேட்டரி, சஸ்பென்ஷனுக்கு 50,000 ஒதுக்குங்க. மொத்தம் 2 லட்சம், 24 மாசம். மாசம் 8,300 ரூபாய்! அதே கார், 8 வருஷம் ஓடினது 2.75 லட்சம்னு வெச்சுக்கோங்க. அதே 50,000 சேர்த்தாலும் 84 மாசத்துக்கு 3,900-க்குள்ளதான் வருது.

"ரினியூவல் பண்ணிக்கலாமே?" பண்ணலாம், 5 வருஷம் கிடைக்கும். ஆனா 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. பசுமை வரி தனி. இதெல்லாம்கூட சின்னக் காசுதான். எஃப்சி-க்கு முன்னாடி துரு, வெல்டிங், பெயின்ட்னு பட்டறையில போடுற பில்தான் பட்ஜெட்டைக் காலி பண்ணும்.

பேர் மாத்தாம வண்டியை எடுக்கவே எடுக்காதீங்க. ஃபார்ம் 29, 30-ல கையெழுத்து. லோன் இருந்திருந்தா பேங்க் என்ஓசி, ஃபார்ம் 35. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்துங்க, இல்லேன்னா சொந்த டேமேஜ் கிளெய்ம் சிக்கல். (விக்கிறவங்களுக்கும்தான்: ஆர்சியில பேர் இருக்கறவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்புன்னு 2018-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.)

எமர்ஜென்சி ஃபண்டை உடைச்சோ, பர்சனல் லோன் போட்டோ வாங்கறதா இருந்தா, இப்போதைக்கு பஸ்லயே போங்க. அந்த ரூட்ல பஸ்ஸுக்குப் பஞ்சமில்ல.