ஓடும் நீரில் உள்ளூருக்கும் உரிமை வேண்டும்!

தமிழகத்தில் நீர் மின்சாரம் என்றதும் பைக்காரா, மேட்டூர், குந்தா, பாபநாசம் எனப் பெரிய திட்டங்களே நினைவுக்கு வருகின்றன. மாநிலத்தின் நீர்மின் நிறுவுதிறன் சுமார் 2,300 மெகாவாட். இது அனைத்தும் அநேகமாக அரசு மின்நிறுவனத்தின் கைவசமே இருந்து வந்தது. இந்நிலையில், 2024-ஆம் ஆண்டு தமிழக அரசு வெளியிட்ட சிறு நீர்மின் திட்டக் கொள்கை, 10 மெகாவாட் வரையிலான நிலையங்களைத் தனியார் அமைக்கவும், தம் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தவும், பிறருக்கு விற்கவும் வழிவகுத்தது. வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால், இதையொட்டி ஒரு கேள்வி எழுகிறது. தனியாருக்குத் திறக்கும் கதவு, அந்த நீரைக் காலங்காலமாகப் பங்கிட்டுப் பேணிவரும் உழவர்களுக்கும், அந்நீரைக் குடிக்கும் ஊர்களின் உள்ளாட்சிகளுக்கும் எந்த அளவு திறக்கும்?

சட்டத்தில் இதற்குத் தடை இருப்பதாகத் தெரியவில்லை. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், மின் உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை என்றே கூறுகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 11-ஆவது அட்டவணை, ஊராட்சிகளுக்கு அளிக்கத்தக்க பொறுப்புகளில் சிறுபாசனம், நீர் மேலாண்மை, ஊரக மின்வசதி, மரபுசாரா எரிசக்தி ஆகிய அனைத்தையும் பட்டியலிட்டிருக்கிறது. தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்புகள் மேலாண்மைச் சட்டம் 2000-இல் இயற்றப்பட்டு, அதன்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களும் அமைக்கப்பட்டன. ஆக, அமைப்பும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. இல்லாதது வருவாய். கால்வாயைத் தூர்வாரக்கூட அரசின் நிதியை எதிர்பார்த்து நிற்கும் சங்கம், பெயரளவுக்கே சங்கமாக இருக்கும்.

இதற்கு முன்மாதிரிகளைத் தேடி வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே பாலக்காடு மாவட்ட ஊராட்சி, சிறு நீர்மின் நிறுவனம் ஒன்றை 1999-இல் தொடங்கியது. மீன்வல்லத்தில் அந்நிறுவனம் அமைத்த 3 மெகாவாட் நிலையம் 2014-இல் இயங்கத் தொடங்கி, மாநில மின்வாரியத்துக்கு மின்சாரம் விற்று வருகிறது. நம் மாநிலத்தில், மேட்டுப்பாளையம் அருகேயுள்ள ஓடந்துறை ஊராட்சி, தன் சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொண்டு 2006-இல் 350 கிலோவாட் காற்றாலையை நிறுவியது. காற்றாலை நின்றதோ உடுமலைப் பக்கம். கணக்கில் வரவு வைக்கப்பட்டதோ ஓடந்துறைக்கு. உற்பத்தி ஓரிடம், பயன்பாடு வேறிடம் என்பதை மின்வாரியம் ஏற்றுக்கொண்ட உதாரணம் அது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1887-இல் தொடங்கப்பட்ட டர்லாக் பாசன மாவட்டம், உழவர்களுக்கு நீர் பங்கிடுவதற்காகவே உருவான உள்ளூர் அமைப்பு. 1923 முதல் அது தன் அணையின் மின்சாரத்தையும் தன் பகுதி மக்களுக்கு விற்கிறது. 2013-இல் அமெரிக்க நாடாளுமன்றம், ஏற்கெனவே உள்ள கால்வாய்களிலும் குழாய்களிலும் அமையும் 5 மெகாவாட் வரையிலான நிலையங்களுக்கு உரிமத்திலிருந்து விலக்கு அளித்தது. புதிய அணை தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நீரின் விசையைப் பயன்படுத்தினால் போதும் என்பதே அதன் அடிப்படை.

இனி நம் பகுதிக்கு வருவோம். சங்கரன்கோவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் உள்ள ஊர். குளத்துப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் விசைத்தறியுமே இங்கு வாழ்வாதாரம். ஊருக்குக் குடிநீர், தாமிரபரணியிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியே வருகிறது. அதை ஏற்றி அனுப்ப மின்சாரம் வேண்டும். மாவட்டத்தின் மலையடிவாரத்திலோ 72 அடி உயரக் கருப்பாநதி அணையும், 132 அடி உயர அடவிநயினார் அணையும் இருக்கின்றன. இவற்றிலிருந்து பாசனத்துக்கு இறங்கும் நீர், தன் விசையை மதகடியில் வீணாக்கிவிட்டே வயலுக்குப் போகிறது.

ஆர்வத்தால் மட்டும் திட்டம் நிற்காது; கணக்கு பார்க்க வேண்டும். வினாடிக்கு 100 கனஅடி நீர், சராசரியாக 15 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதாகவும், இயந்திரத் திறன் 80 விழுக்காடு என்றும் கொள்வோம். கிடைப்பது சுமார் 330 கிலோவாட். ஆண்டுக்கு 100 நாள் ஓடினால் ஏறத்தாழ 8 லட்சம் யூனிட். மெகாவாட்டுக்கு ரூ.10 கோடி என்ற அனுமானத்தில் முதலீடு ரூ.3.3 கோடி, 9 விழுக்காடு வட்டியே ஆண்டுக்கு ஏறக்குறைய ரூ.30 லட்சம். அந்த மின்சாரத்தை யூனிட் ரூ.4-க்கு விற்றால் வருவாய் ரூ.32 லட்சம். வட்டி போக மிஞ்சும் தொகை பணியாளர் ஊதியத்துக்குக்கூடப் போதாது. இத்தனைக்கும் 100 நாள் என்பதே நம் சிறிய அணைகளுக்குத் தாராளமான அனுமானம்.

அதே மின்சாரம், உள்ளாட்சியின் குடிநீர் ஏற்றத்துக்கான மின்கட்டணத்தில் ஈடுசெய்யப்பட்டு, யூனிட் ரூ.8 மிச்சமாகிறது என்று வைத்துக்கொண்டால், பயன் ரூ.64 லட்சம். வட்டி போக அசலை அடைக்கவும், பராமரிக்கவும் வழி பிறக்கிறது. ஆகவே, அனுமதி கிடைக்குமா என்பதைவிட, எந்த விலையில் அந்த மின்சாரம் கணக்கிடப்படும் என்பதே திட்டத்தின் உயிர்நாடி.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தமிழகத்தில் வேளாண் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசம். எனவே, ஈடுசெய்துகொள்ளப் பாசனச் சங்கத்துக்கு மின்கட்டணமே இல்லை. நகராட்சிக்கும் ஊராட்சிக்கும் கட்டணம் உண்டு. ஆனால், நீரின் மீது அதிகாரம் இல்லை. இருவரும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களும் உள்ளாட்சிகளும் பங்குதாரர்களாக உள்ள கூட்டு நிறுவனமே நம் நிலைமைக்கு ஏற்ற வடிவம்.

மின்பகிர்மான நிறுவனத்தின் அச்சத்தையும் புறந்தள்ளக் கூடாது. கூடுதல் கட்டணம் செலுத்தும் நுகர்வோர் விலகினால், தன் இழப்பு பெருகும் என்று அது கருதும். நியாயமான மின்கடத்தல் கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் வரையறுப்பதே அதற்கு விடை. மேலும், உள்ளாட்சிகள் பலவும் மின்கட்டண நிலுவை வைத்திருப்பது நாடறிந்தது. வசூலாகாத எட்டு ரூபாயைவிடத் தவறாமல் கைக்கு வரும் கடத்தல் கட்டணம் மேலானது.

உள்ளூருக்கு உரிமை தருவதில் ஆபத்தே இல்லை என்று கூற முடியாது. மின்சாரத்தில் பணம் வரத் தொடங்கினால், பயிர் கேட்கும்போது நீர் திறக்காமல், மின்சாரத்துக்கு விலை கூடும்போது திறக்கும் ஆசை எழும். கடைமடை உழவர்தான் முதலில் பாதிக்கப்படுவார். எனவே சில நிபந்தனைகள் தவிர்க்க முடியாதவை. பாசனத்துக்கும் குடிநீருக்கும் நீர்வளத்துறை வகுக்கும் அட்டவணைப்படியே நீர் திறக்கப்பட வேண்டும். அப்போது கிடைக்கும் மின்சாரம் மட்டுமே நிறுவனத்துக்கு உரியது. புதிய அணையோ, காட்டை அழிக்கும் பாதையோ கூடாது. ஏற்கெனவே உள்ள மதகுகளும் கால்வாய் அருவிகளும் மட்டுமே பயன்பட வேண்டும். வருவாயில் ஒரு பங்கு, குளங்களையும் வரத்துக் கால்வாய்களையும் பராமரிக்கவே செலவிடப்பட வேண்டும். ஆண்டுக் கணக்கு, கிராம சபையிலும் நகர்மன்றத்திலும் வைக்கப்பட வேண்டும்.

பாலக்காட்டு நிறுவனம் தொடங்கியதற்கும் மீன்வல்லம் இயங்கியதற்கும் இடையே 15 ஆண்டுகள் ஓடிவிட்டன என்பதும் நமக்குப் பாடமாகும். நீர்வளத்துறை, மின்துறை, உள்ளாட்சித் துறை என மூன்று வாசல்களில் கோப்பு காத்திருந்தால், எந்த ஊராட்சியும் வட்டி கட்டித் தாக்குப்பிடிக்காது. கால வரம்புடன் கூடிய ஒற்றைச் சாளர அனுமதி அவசியம்.

எல்லா அணைகளும் இதற்குப் பொருந்தாது. நீரோட்ட நாள்கள் குறைந்த இடங்களில் கைவிடுவதே அறிவுடைமை; தாமிரபரணிக் கால்வாய்களைப்போல் சரிவு குறைந்தாலும் பல மாதங்கள் நீரோடும் இடங்களை முதலில் ஆராயலாம். மாவட்டத்துக்கு ஓரிடம் என முன்னோடித் திட்டமாகத் தொடங்கி, அதன் வரவு செலவைப் பொதுவெளியில் வைத்த பின் விரிவாக்குவது நல்லது. 2024-ஆம் ஆண்டுக் கொள்கையில், பாசனச் சங்கங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் முதல் வாய்ப்பு என்ற ஒரு விதியை அரசு சேர்த்தால் போதும். அந்த வாய்ப்பை அவர்கள் பயன்படுத்தாத இடத்துக்குத் தனியார் வரட்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), சங்கரன்கோவில்.