திரையில் தளிர்ப்பச்சை, தாளில் பாசிப்பச்சை

'லேபிள் அடித்தோம், படம் சரியாக வரவில்லை' என்கிற கேள்விகள்தான் இந்த முறை அதிகம். காங்கேயம் தேங்காய் எண்ணெய், ஊத்துக்குளி நெய், மூலனூர் முருங்கை இலைப் பொடி, மடத்துக்குளம் பக்கத்து நாட்டுச்சர்க்கரை என்று திருப்பூர் மாவட்டக் கடிதங்களே கட்டில் பாதி இருக்கின்றன. இதில் வியப்பு இல்லை. அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்திலும் யாராவது ஒருவர் பனியன் கம்பெனிக்குப் போகிறார். ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையும் டேக் அடிக்கும் கடையும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. மகனோ மகளோ வீட்டுக் கணினியில் கிம்ப் மென்பொருளை இறக்கி, தாங்களே லேபிள் போட்டுப் பார்க்கிறார்கள். கிம்ப் இலவசம், போட்டோஷாப் செய்கிற பெரும்பாலான வேலைகளை அதுவும் செய்யும். ஆகவே முயற்சி சரியானதுதான்.

கடிதங்களைச் சேர்த்து வைத்துப் படித்தால், மென்பொருளில் கோளாறு இருப்பது அபூர்வம் என்று தெரிகிறது. படம் எங்கே போகப்போகிறது என்பதை முடிவு செய்யாமல் வேலையைத் தொடங்குவதுதான் பெரும்பாலான சிக்கலுக்குக் காரணம். போன் திரைக்குப் போகும் படம் வேறு, தாளுக்குப் போகும் படம் வேறு, நோய் பார்த்துச் சொல்லும் அலுவலருக்குப் போகும் படம் வேறு.

"எண்ணெய் பாட்டில் லேபிளில் தென்னங்கீற்று, கணினியில் பளிச்சென்ற தளிர்ப்பச்சையாக இருந்தது. அச்சில் பாசி பிடித்த மாதிரி மங்கிவிட்டது. அச்சகத்தார் மை குறைத்துவிட்டாரா?" (காங்கேயம் வாசகர்)

அவர் மேல் குற்றம் சொல்ல அவசரப்படாதீர்கள். திரை நிறத்தை ஒளியாக வீசுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று விளக்குகளின் கலவை அது. தாளுக்கு விளக்கு கிடையாது. வெளிர்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகள் மேலே விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. திரையில் தெரியும் மின்னல் பச்சை, பளீர் நீலம், கண்ணைக் குத்தும் ஆரஞ்சு ஆகியவற்றை இந்த நான்கு மைகளால் எப்படிக் கலந்தாலும் கொண்டுவர முடியாது. கிடைக்கிற நிறங்களில் பக்கத்தில் இருப்பதை அச்சு எந்திரம் எடுத்துக்கொள்ளும். உங்கள் கீற்றுக்கு நடந்தது இதுதான்.

போட்டோஷாப்பில் கன்ட்ரோல், ஒய் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் தாளில் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே ஓரளவு காட்டும். ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால், மையால் எட்ட முடியாத இடங்கள் சாம்பல் திட்டாகத் தெரியும். கிம்பில் வியூ மெனுவுக்குள் கலர் மேனேஜ்மென்ட்டில் 'ப்ரூஃப் கலர்ஸ்' இருக்கிறது. அதற்கு அச்சகத்தின் கலர் ப்ரொஃபைல் கோப்பைக் கேட்டு வாங்கிப் போட வேண்டும்.

ஆனால் இதற்கெல்லாம் மேலான வழி உங்கள் ஊரிலேயே நடைமுறையில் இருக்கிறது. பனியன் ஏற்றுமதியில் எந்த பையரும் நிறத்தைப் போனில் பார்த்து 'ஓகே' சொல்வதில்லை. பேன்டோன் எண் கொடுப்பார். சாயப்பட்டறை சின்னத் துணித் துண்டுகளில் இரண்டு மூன்று விதமாக 'லேப் டிப்' போட்டு அனுப்பும். ஒளிப்பெட்டிக்குள் வைத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் முழு ரோலும் சாயத்தில் இறங்கும். லேபிளுக்கும் அதையே கேளுங்கள். அதே தாளில், அதே எந்திரத்தில் ஒரே ஒரு பிரதி அடித்து, பாட்டிலில் ஒட்டி, எண்ணெயை ஊற்றிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பிரதிக்குத் தனியாகக் காசு கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். இரண்டாயிரம் லேபிள் வீணாவதற்கு அது எவ்வளவோ மலிவு.

இன்னொன்று. சின்ன எழுத்துகளின் கறுப்பு, நான்கு மைகளும் கலந்த கறுப்பாக இருக்கக் கூடாது. மைத் தகடுகள் இம்மியளவு விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் நிழல் கட்டும். 'எழுத்தெல்லாம் கறுப்பு மை மட்டும்' என்று அச்சகத்தில் சொல்லிவிடுங்கள்.

"படம் கணினியில் தெளிவாக இருக்கிறது, அச்சில் மங்கல். போனில் நன்றாகத்தான் எடுத்தோம்." (மூலனூர், உடுமலை, அவிநாசியிலிருந்து மூன்று கடிதங்கள்)

மூன்று பேரும் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியதாக எழுதியிருக்கிறார்கள். விடை அதிலேயே இருக்கிறது. சாதாரணமாக அனுப்பும் படத்தை வாட்ஸ்அப் சுருக்கிவிடும். நீளப் பக்கம் ஏறக்குறைய 1600 புள்ளிகளுக்கு இறங்கிவிடும். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி தேவை. 1600-ஐ 300-ஆல் வகுத்தால் ஐந்தேகால் அங்குலம். நாலு அங்குல லேபிளுக்கு இதுவே போதும். ஆனால் அந்தப் படத்தின் மூலையில் இருக்கும் முருங்கைக் கொத்தை மட்டும் வெட்டி எடுத்தீர்களானால், கையில் 300 புள்ளிதான் மிஞ்சும். அதை ஓர் அங்குலத்துக்கு மேல் பெரிதாக்கினால் மங்காமல் என்ன செய்யும்? மென்பொருளில் 'ரெசல்யூஷன்' பெட்டியில் 72-ஐ அழித்து 300 என்று எழுதிவிட்டால் படம் தெளிவாகிவிடாது. பத்துப் படி நெல்லை நூறு சாக்கில் பிரித்துப் போட்டு நூறு மூட்டை என்று எண்ணுகிற கணக்கு அது.

படத்தைப் படமாக அனுப்பாமல், அதே வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், சுருங்காது. பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தால் இன்னும் நல்லது. ஃப்ளெக்ஸ் பேனருக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. பத்தடி தள்ளி நின்று பார்ப்பதால் அங்குலத்துக்கு 70 புள்ளி இருந்தாலே ஒப்பேறும்.

"கிம்பில் பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தால் ஒன்றுமே விழவில்லை. எரேசரும் வேலை செய்யவில்லை. இரண்டு தடவை அழித்துவிட்டு மறுபடி இறக்கிப் பார்த்தும் அப்படியே இருக்கிறது." (ஊத்துக்குளி, கல்லூரி மாணவி)

தங்கச்சி, மென்பொருளை அழிக்க வேண்டியதே இல்லை. கிம்ப் கற்கத் தொடங்கும் ஏறக்குறைய எல்லோரும் முதல் வாரத்தில் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பிரஷ் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் இடத்தில் செய்யவில்லை, அவ்வளவுதான்.

முதலில் பார்க்க வேண்டியது 'செலக்ஷன்'. முன்பு எங்கோ ஒரு சின்னக் கட்டம் தேர்ந்தெடுத்து அப்படியே விட்டிருப்பீர்கள். அந்தக் கட்டத்துக்குள் மட்டும்தான் மை விழும். கட்டம் திரைக்கு வெளியே இருந்தால் ஊர்ந்துபோகும் எறும்பு வரிசை மாதிரியான அந்தக் கோடும் கண்ணில் படாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், செலக்ஷன் போய்விடும். போட்டோஷாப் பழகியவர்கள் இதற்குக் கன்ட்ரோல், டி அழுத்துவார்கள். கிம்பில் அதை அழுத்தினால் படம் முழுவதும் இன்னொரு பிரதியாகத் திறந்துகொள்ளும். பனியன் கம்பெனி டிசைன் பிரிவில் வேலை செய்யும் அண்ணன் சொல்லிக்கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதைச் சொல்கிறேன்.

அடுத்தது 'ஃப்ளோட்டிங் செலக்ஷன்'. பழைய கிம்பில் ஒரு படத்தை ஒட்டினால் அது எந்த லேயரிலும் உட்காராமல் அந்தரத்தில் தொங்கும். அதற்கு ஓர் இடம் காட்டும் வரை வேறு எதையும் தொட விடாது. லேயர் பட்டியலில் மேலே அந்தப் பெயர் தெரிந்தால், வலது கிளிக் செய்து 'நியூ லேயர்' ஆக்கிவிடுங்கள். 2025-இல் வந்த 3.0 பதிப்பில் ஒட்டும் படம் தானாகவே தனி லேயராக உட்காருகிறது. பதிப்பைப் புதுப்பித்தாலே இந்தத் தொல்லை பாதி குறையும்.

அதுவும் இல்லையென்றால் லேயரின் எல்லையைப் பாருங்கள். நெய்க்குடம் படத்தை ஒட்டிய லேயர் அந்தக் குடத்தின் அளவே இருக்கும். மஞ்சள் புள்ளிக்கோடுதான் வேலி. வேலிக்கு வெளியே தேய்த்தால் எதுவும் விழாது. லேயர் மெனுவில் 'லேயர் டு இமேஜ் சைஸ்' கொடுத்தால் வேலி படத்தின் ஓரம் வரை நகரும். சில நேரம் நீங்கள் வரைவதெல்லாம் அடியில் இருக்கும் லேயரில் விழுந்து, மேலே இருப்பது மறைத்துக்கொண்டிருக்கும். பூட்டுச் சின்னம் விழுந்திருக்கிறதா, ஒபாசிட்டி பூஜ்யத்தில் கிடக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இணையத்தில் இறக்கிய சில படங்களில் சிவப்பைத் தேர்ந்தெடுத்தால் வேறு நிறம் விழும். அவை 'இண்டெக்ஸ்டு' முறையில் சேமித்தவை. இமேஜ் மெனுவில் மோடு என்பதை ஆர்ஜிபி என மாற்றினால் சரியாகும்.

இதே மாணவி 'சேவ் செய்த கோப்பை அச்சகத்தில் திறக்க முடியவில்லை' என்றும் கேட்டிருக்கிறார். 2012-இல் வந்த 2.8 பதிப்பிலிருந்தே கிம்பின் 'சேவ்' அதன் சொந்த எக்ஸ்சிஎஃப் வடிவத்தில் மட்டும்தான் சேமிக்கும். கடைக்குக் கொடுக்க 'எக்ஸ்போர்ட்' செய்ய வேண்டும். எக்ஸ்சிஎஃப் கோப்பையும் அழித்துவிடாதீர்கள். லேயர்கள் பிரிந்து இருப்பது அதில் மட்டும்தான். நாளை விலையை மாற்ற வேண்டுமென்றால் அது இல்லாமல் முதலிலிருந்து தொடங்க வேண்டும். லோகோவைச் சுற்றி வெள்ளைக் கட்டம் வருகிறது என்று கேட்டவருக்கும் இங்கேயே பதில்: ஜேபெக்கில் 'ஒன்றுமில்லாத இடம்' என்பதற்கு வழியில்லை, வெள்ளையாகிவிடும். பிஎன்ஜி-யாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

"தமிழில் எழுதிக் கொடுத்ததெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது." (தாராபுரம்)

நீங்கள் போனில் தட்டுவது யூனிகோடு. டிடிபி கடைகள் பலவற்றில் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. அவற்றில் 'க' என்பது உண்மையில் ஓர் ஆங்கில எழுத்து. மேலே தமிழ் உருவம் மாட்டியிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது, கடைகள்தான் நகரவில்லை. மாற்றித் தரும் கருவிகள் உண்டு. மாற்றியபின் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி, 'கொப்பரை' கண்டபடி உடைந்து நிற்பதுண்டு. யூனிகோடே போட்டும் போட்டோஷாப்பில் கொம்பு பிரிந்து நின்றால், பேராகிராஃப் பலகையின் மெனுவில் 'வேர்ல்டு ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இறுதிக் கோப்பை பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் எழுத்துரு உள்ளேயே போய்விடும்.

லேபிளைச் சுருக்கும்போது பச்சைப் புள்ளிச் சின்னமும் கூடவே சுருங்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். முகப்புப் பக்கம் 100 சதுர சென்டிமீட்டருக்குள் இருந்தால் வட்டத்தின் விட்டம் குறைந்தது 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 100-க்கு மேல் 500 வரை 4 மில்லிமீட்டர். சுற்றியுள்ள கட்டத்தின் பக்கம் அதைப்போல் இரண்டு மடங்கு. திரையில் பார்த்து மதிப்பிடாமல், அச்சடித்த பிரதியில் அளவுகோல் வைத்து அளந்துவிடுங்கள்.

"தென்னை மடலைப் படம் எடுத்து, ஆப்பில் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கி அனுப்பினேன். 'பயிர் நன்றாகத்தானே இருக்கிறது' என்று பதில் வந்தது. ஆனால் மரம் மஞ்சளாகிக்கொண்டே போகிறது." (உடுமலை)

ஐயா, அந்த மஞ்சளைத்தான் ஆப் எடுத்துவிட்டது. 'ஆட்டோ', 'என்ஹான்ஸ்', 'விவிட்' என்று எந்தப் பெயரில் இருந்தாலும் இலை பச்சையாக இருந்தால்தான் அழகு என்று அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். வெளிறலைப் பச்சையாக்கும், கருமையைத் தூக்கி வெளுப்பாக்கும். கல்யாணப் படத்துக்குச் சரி. பயிருக்கு வைத்தியம் பார்க்கிறவருக்கு அந்த மஞ்சள்தான் நாடித்துடிப்பு. அடி இலைகள் முழுவதும் வெளிறினால் தழைச்சத்துக் குறை என்று யோசிப்பார். இளம் இலையில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் வெளிறினால் இரும்புச்சத்துக் குறை என்பார். சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் இது அடிக்கடி வருவது. இந்த வித்தியாசம் படத்தில் அழிந்துவிட்டால் உரமும் மாறும், செலவும் மாறும்.

தென்னையில் இன்னும் கவனம் தேவை. 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ இப்போது உங்கள் பக்கமும் இருக்கிறது. அது இருப்பது மடலின் அடிப்பக்கம். மெழுகு பூசிய வெள்ளைச் சுருள்களாக முட்டை இட்டிருக்கும். அதன் தேன் கழிவு கீழ் மடல்களின் மேல்பக்கம் விழுந்து, கரும்பூசணம் படரும். படத்தின் கான்ட்ராஸ்டை ஏற்றினால் இந்தக் கரும்படலம் இலை கருகியது போலத் தெரியும். வெளிச்சத்தை ஏற்றினால் வெள்ளைச் சுருள் காணாமலே போகும். வந்திருப்பது ஈயா, பூசணமா, சத்துக் குறையா என்று பார்ப்பவரால் பிரிக்க முடியாது.

அடுத்த முறை இப்படி எடுத்து அனுப்புங்கள். காலை 8, 9 மணி வாக்கில், ஃப்ளாஷ் இல்லாமல், மரம் முழுவதும் தெரிய ஒன்று, ஒரு மடலின் மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று. மடலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் ஒரு ரூபாய் நாணயத்தையும் வையுங்கள். நாணயம் அளவு காட்டும். தாள் நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் கேமரா நிறத்தை மாற்றியிருக்கிறது என்று பார்ப்பவருக்குப் புரியும். அவரே கிம்பில் 'லெவல்ஸ்' திறந்து தாளின் மேல் வெள்ளைப் புள்ளியைக் குறித்து நிறத்தைச் சரிசெய்துகொள்ளலாம். அந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். எடுத்த கோப்பைத் திருத்தாமல், வெட்டாமல், டாக்குமெண்டாக அனுப்புங்கள். பொங்கலூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ ஆழியாறுநகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கோ நேரில் போக முடிந்தால், அந்த மடலிலிருந்து நாலு ஓலையை வெட்டிக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். மஞ்சள் மேலே ஏறிக்கொண்டே போகிறது என்கிறீர்கள். இந்த வாரமே போவது நல்லது.