சங்கத்தின் எல்லையும் மொழியின் எல்லையும்

மைசூரு மானசகங்கோத்ரியில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969இல் தொடங்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே நாகாலாந்து மொழிகளுக்கான இலக்கண நூல்கள் அங்கிருந்து வெளிவரத் தொடங்கின. 1975இல் வந்த கௌடாவின் ஆவோ இலக்கணம் அவற்றுள் ஒன்று. இவ்வரிசையைப் புரட்டும் மாணவர், ஓர் இனக்குழுவுக்கு ஒரு மொழி, ஒரு மொழிக்கு ஒரு நூல் என்னும் ஒழுங்கை இயற்கையானதாகவே எடுத்துக்கொள்கிறார். அவ்வொழுங்கை உறுதிப்படுத்தியதில் பாப்டிஸ்ட் திருச்சபைச் சங்கங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. மொழியியலார் இதை அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடுவது சரியன்று.

பாப்டிஸ்ட் மரபில் பேராயர் இல்லை. ஊர்ச்சபை ஒவ்வொன்றும் தன்னாட்சி உடையது. தன் போதகரைத் தானே அமர்த்திக்கொள்ளும். ஊழியர் பயிற்சி, பள்ளி, நூல் அச்சிடல் என ஒரு சபையால் தனித்துச் செய்ய இயலாதவற்றுக்காகச் சபைகள் விரும்பிக் கூடுவதே சங்கம். தென்னிந்தியத் திருச்சபையின் திருமண்டலங்கள் நிலப்பரப்பால் பிரிக்கப்பட்டவை. நாகர் மலைகளிலோ சங்கம் பெரும்பாலும் இனக்குழுவை ஒட்டி, அதனால் மொழியை ஒட்டி அமைந்தது. கூடிய சபை எம்மொழியில் பாடுவது, எம்மொழியில் செபிப்பது என்பது முதல் நாளே எழும் கேள்வியல்லவா?

ஆவோ மக்களின் சங்கம் 1897இல் தோன்றியது. அதன் பெயர் 'ஆவோ பாப்டிஸ்ட் அரோகோ முங்டாங்'. இப்பெயரில் 'பாப்டிஸ்ட்' ஒன்றே ஆங்கிலம். சபைக்கும் கூட்டத்துக்கும் ஆவோ வழக்குச் சொற்களே நிற்கின்றன. பின்னர் 1937இல் நாகர் சங்கங்களுக்குப் பொதுவான மன்றமும், 1950இல் குவாஹாத்தியைத் தலைமையிடமாகக் கொண்ட வடகிழக்கிந்தியப் பேரவையும் அமைந்தன. ஆயினும் மொழியைப் பொறுத்தவரை வலிமை கீழ்த்தளச் சங்கத்திடமே இருந்தது.

ஆவோவில் சுங்லி, மோங்சென் என இரு பெரும் வழக்குகள் உள்ளன. அமெரிக்க மிஷனரி கிளார்க் 1872இல் முதன்முதலில் ஆவோ மலைக்கு வந்தார். அவருக்கு முன்பே அசாமியரான கோதுலா அங்கே சென்று வழி திறந்திருந்தார். 1876இல் கிளார்க் மலையிலேயே குடியேறினார். அவர் தங்கிய ஊரின் வழக்கு சுங்லி. பாட்டுப் புத்தகமும் பள்ளிப் பாடமும் வேதாகமமும் அவ்வழக்கிலேயே எழுந்தன. மோங்சென் பேசுவோர் சுங்லியைக் கற்றனர். சுங்லி பேசுவோருக்கு மோங்சென் கற்கும் தேவை எழவில்லை. மைசூரு நூலும் சுங்லியையே விவரித்தது. மோங்செனுக்குக் கூப் எழுதிய விரிவான இலக்கணம் வர 2007 ஆயிற்று. இடையில் 32 ஆண்டுகள்.

சங்கம் இல்லையேல் இரு வழக்குகளுமே எழுத்தேறாமல் போயிருக்கும் என்று வாதிடலாம். அது பெரும்பாலும் உண்மையே. தமிழுக்கு இத்தகைய இக்கட்டு நேரவில்லை. சீகன்பால்கு வந்தபோது எழுத்தும் இலக்கணமும் இங்கே பழையவை. ஆனால் அந்நன்மையின் விலையை மோங்சென் மட்டுமே கொடுத்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

சாகேசாங் என்னும் பெயர் இன்னும் விந்தையானது. சோக்ரி, கேசா, சாங்தம் ஆகிய குழுப்பெயர்களின் துண்டுகளை இணைத்து 1946இல் ஆக்கப்பட்ட கூட்டுப்பெயர் அது. அப்பெயரில் ஒரு திருச்சபை மன்றமும் இயங்குகிறது. அப்பெயரில் ஒரு மொழி இல்லை. இருப்பினும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழிப்பட்டியலில் சோக்ரி, கேசா ஆகியவற்றுக்கு அருகே சாகேசாங்கும் தனி மொழியாக எண்ணப்படுகிறது. கணக்கெடுப்பவரிடம் மக்கள் அமைப்பின் பெயரைச் சொல்கின்றனர். பட்டியல் அதை மொழியாக்கிவிடுகிறது. சிறுமொழிகளுக்கு இவ்வெண்ணிக்கையே பாடநூலுக்கும் நிதிக்கும் வாதமாகும்போது, இத்தகைய கலப்பு வெறும் பெயர்க் குழப்பமாக நின்றுவிடாது.

ஆகவே கள ஆய்வுக்குச் செல்வோரின் வினாப்பட்டியலில் 'உங்கள் தாய்மொழி எது?' என்பதற்கு அடுத்தபடியாக 'உங்கள் சபை எச்சங்கத்தைச் சேர்ந்தது? அங்கே எவ்வழக்கில் பாடுகிறீர்கள்?' என்னும் இரு வினாக்களும் இடம்பெற வேண்டும். சங்கங்களின் கூட்டக் குறிப்புகளும் பாட்டுப் புத்தகங்களும் நூற்றாண்டு மலர்களும் சமயத் துறைக்கு மட்டும் உரியவை அல்ல. சொற்றொகுப்பும் ஒலிப்பதிவும் இருக்கும் அதே அலமாரியில் அவையும் இருக்க வேண்டியவை.