அழித்தவர்களுக்கு ஒரு வக்காலத்தும் வேண்டாம்!

1963 நவம்பர் 23, சனிக்கிழமை. அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது. பிரிட்டன் முழுக்க அதே பேச்சு. அன்று மாலை ஐந்தேகால் மணிக்கு, விளையாட்டு நிகழ்ச்சியான கிராண்ட்ஸ்டாண்ட் முடிந்த கையோடு, பி.பி.சி. ஒரு புதுத் தொடரை ஆரம்பித்தது. அதுவும் ஒரு நிமிடம் சொச்சம் தாமதமாக! தொடரின் பெயர் 'டாக்டர் ஹூ'. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் என்ற பெண், 28 வயது இன்னும் நிறையவில்லை. இயக்குநர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன், அவருக்கு 25 நிறையவில்லை. பல ஊர்களில் மின்தடை, மற்ற இடங்களில் துக்கம். பலர் பார்க்காமல் போனதால் அடுத்த சனிக்கிழமை அதே அத்தியாயத்தை மறுபடி போட்டுவிட்டுத்தான் இரண்டாவதுக்குப் போனார்கள்.

அன்று இரவே, வாராவாரம் அரசியல்வாதிகளைக் கிண்டலடிக்கும் 'தட் வாஸ் த வீக் தட் வாஸ்' நிகழ்ச்சி, கிண்டலை மூட்டை கட்டிவைத்துவிட்டு கென்னடிக்கு அஞ்சலி செலுத்தியது. அமெரிக்கத் தொலைக்காட்சியும் அதை ஒளிபரப்பியது, இசைத்தட்டாகக் கூட வந்தது.

ஒரே நாள், ஒரே அலைவரிசை. பிற்பாடு என்ன ஆனது?

கென்னடி அஞ்சலி பத்திரமாக இருக்கிறது. 'டாக்டர் ஹூ'வின் மூல வீடியோ நாடாவோ அழிக்கப்பட்டுவிட்டது. முதல் அத்தியாயத்தை இன்று பார்க்க முடிகிறது என்றால், வெளிநாடுகளுக்கு விற்பதற்காக எடுத்த பிலிம் பிரதி தப்பியதால்தான். 1963 முதல் 1969 வரை வந்தவை மொத்தம் 253 அத்தியாயங்கள். அவற்றில் தொண்ணூறுக்கும் மேல் இன்று பி.பி.சி.யிடம் இல்லை. வாரிஸ் ஹுசைன் 1964-ல் பெரும்பகுதியை இயக்கிய 'மார்கோ போலோ' கதையின் ஏழு அத்தியாயங்களும் அப்படித்தான் போயின. மிஞ்சியது ஒலிப்பதிவும் சில புகைப்படங்களும்.

இதற்கு வழக்கமாக ஒரு வக்காலத்து வரும். "அந்தக் காலத்தில் இரண்டு அங்குல வீடியோ நாடா பயங்கர விலை. அழித்து அழித்துத்தான் பயன்படுத்த வேண்டும். வீட்டில் வீடியோ பார்க்கும் வசதி கிடையாது. நடிகர் சங்க ஒப்பந்தப்படி மறுஒளிபரப்புக்கும் கட்டுப்பாடு. வைத்திருந்து என்ன பயன்?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நாடா விஷயத்தில் பாதி உண்மையும் கூட. ஆனால் பிலிம் பிரதிகள்? பிலிமை அழித்து மறுபடி படம் பிடிக்க முடியாதே! எழுபதுகளில் பி.பி.சி.யின் விற்பனைப் பிரிவு அந்தப் பிலிம் சுருள்களையும் குப்பையில் போட்டது. அதில் என்ன சிக்கனம்? அலமாரியில் கொஞ்சம் இடம் மிச்சம், அவ்வளவுதான். மூலம் அங்கே இருக்கும் என்று இவர்களும், பிரதி இங்கே இருக்கும் என்று அவர்களும் நினைத்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. 1978-ல்தான் இந்த அழிப்பு நின்றது.

ஆக, காரணம் பணம் மட்டும் இல்லை. எது வைத்துக்கொள்ளத் தகுந்தது என்ற மதிப்பீடு. 1965-ல் நடந்த சர்ச்சிலின் இறுதி ஊர்வலத்தைப் பத்திரமாக வைக்கத் தெரிந்தவர்களுக்கு, சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் பார்த்த கதை ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. 1963 ஜனவரியில் பாப் டிலன் நடித்துப் பாடிய 'மேட்ஹவுஸ் ஆன் காஸில் ஸ்ட்ரீட்' நாடகத்தை 1968-ல் அழித்தார்கள். அதற்குள் டிலன் உலகப் புகழ் பெற்றாயிற்று! 1969-ல் மனிதன் நிலவில் இறங்கிய இரவு, லண்டன் ஸ்டூடியோவிலிருந்து விடிய விடிய நடத்திய நிகழ்ச்சியின் பதிவும் இல்லை. அலட்சியம் ஒரு முறை பழகிவிட்டால் அதற்குச் சின்னது பெரியது தெரியாது.

இத்தனைக்கும் அது யார் காசு? டிவி வைத்திருந்த ஒவ்வொரு வீடும் கட்டிய உரிமக் கட்டணம். கட்டியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

காப்பாற்றியது யார் தெரியுமா? அந்த நிறுவனம் ஒரு பொருட்டாக மதிக்காத பார்வையாளர்கள்! டிவி பெட்டிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து ஒலிப்பதிவு செய்த ரசிகர்களால்தான், காணாமல் போன அத்தியாயங்களின் ஒலி முழுவதும் இன்று இருக்கிறது. படங்கள் எங்கெங்கிருந்தோ திரும்பின. 1983-ல் லண்டனில் ஒரு மார்மன் தேவாலயத்தின் அடித்தளத்திலிருந்து 2 அத்தியாயங்கள். 1992-ல் ஹாங்காங்கிலிருந்து 4. 2013-ல் நைஜீரியாவின் ஜோஸ் நகர ஒளிபரப்பு நிலையத்திலிருந்து 9. உலகத்துக்கே ஒளிபரப்பு சொல்லிக்கொடுத்ததாகப் பெருமைப்படும் நிறுவனம், தன் சொந்தச் சொத்துக்கு நைஜீரியாவின் அலமாரியை நம்ப வேண்டியிருந்தது!

"பழைய கதை, இப்போது எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 2023 மே மாதம் டிஸ்னி பிளஸ், தானே எடுத்த 'வில்லோ' தொடரை, வெளியாகி ஆறு மாதம் ஆவதற்குள் தளத்திலிருந்து நீக்கியது. நாடா விலை, அலமாரி இடம் என்று எந்தச் சாக்கும் அங்கே கிடையாது. கணக்குப் புத்தகம் மட்டும்தான். அறுபதுகளில் கையில் ஒரு டேப் ரெக்கார்டராவது இருந்தது. இன்று மாதச் சந்தா கட்டுபவர் கையில் என்ன இருக்கிறது?

எது குப்பை, எது பொக்கிஷம் என்று அன்றைக்கே யாராலும் சொல்லிவிட முடியாது. முடியாது என்பதால்தான் வைத்திருக்க வேண்டும். தூக்கிப் போட்டவர்களுக்கு "காலம் அப்படி" என்று மன்னிப்புச் சீட்டு எழுதிக் கொடுத்தால், அடுத்து தூக்கிப் போடுபவர்களும் அதே சீட்டைத்தான் நீட்டுவார்கள்.