சேறு படியாத சப்பாத்து

மழை பெய்த மறுநாள் காடு எவ்வாறு இருக்கும் என்று ஆறாம் ஆண்டு மாணவரைக் கட்டுரை வரையச் சொன்னேன். எல்லா ஏடுகளிலும் மயில் ஆடியது, குயில் கூவியது, தென்றல் தவழ்ந்தது. எழுதியவருள் ஒருவரேனும் காட்டில் மயிலைக் கண்டவரல்லர். மாதிரிக் கட்டுரை நூலிலிருந்த மயில் அத்தனை ஏடுகளிலும் தோகை விரித்திருந்தது!

குற்றம் பிள்ளைகளுடையதா? அன்று, நம்முடையது. 2021ஆம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, அதற்காக நாம் வளர்த்த மனப்பாடப் பழக்கம் போகவில்லை. காணாததை எழுதப் பழக்குவதையே மொழிக் கல்வி என்று இன்னும் மயங்குகிறோம்.

இரவு முழுதும் பெய்த மழை ஓய்ந்த ஒரு காலையில், அம்மாணவரைக் கெப்போங்கிலுள்ள வன ஆய்வுக் கழகக் காட்டிற்கு அழைத்துச் சென்றேன். ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில், 1920களில் தொடங்கி மனிதர் நட்டு வளர்த்த காடு அது. 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இவ்வரலாற்றைப் பாடநூலில் படித்தால் ஒரு வரி. அச்சேற்றில் கால் புதைய நின்று கேட்டால் அது வேறு.

கற்பூர மரங்களின்கீழ் அண்ணாந்து பார்த்தோம். ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தைத் தொடாமல், இடையே வானம் ஓடைபோல் நெளிந்தது. விழுந்து கிடந்த இலையொன்றைக் கசக்கி முகர்ந்த சிறுமி, "ஐயா, கோவில் வாசனை!" என்றாள். பண்டைக் காலத்தில் பச்சைக் கற்பூரம் தந்தது இவ்வின மரமே. அதனை நாடித் தமிழ் வணிகர் சுமத்திராவின் பாரூசு வரை சென்றனர். அங்கே 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. எந்தக் கரும்பலகை இப்பாடத்தை இவ்வளவு எளிதாக நடத்தும்?

மறுநாள் பெற்றோர் சிலர் வந்தனர். சப்பாத்து பாழாயிற்று, அட்டை கடித்தது, பிள்ளைக்கு நோய் வந்தால் யார் பொறுப்பு என்றனர். அச்சம் நியாயமானதே. சேற்றுநீரால் எலிக்காய்ச்சல் பரவக்கூடும். மழைக்குப் பின் ஆறு திடீரெனப் பெருகும். ஆகவேதான் புண்ணுள்ள கால்களைக் கட்டினோம். நீரில் எவரையும் இறங்க விடவில்லை. இடி கேட்டால் திரும்புவதென முடிவு செய்திருந்தோம். விழிப்போடு அழைத்துச் செல்வது ஆசிரியர் கடமை. அஞ்சி அடைத்து வைப்பது கடமையாகாது.

அதே தலைப்பில் மீண்டும் எழுதச் சொன்னேன். மயில் பறந்துவிட்டது. "அட்டை ஏறியபோது அழுதேன். பிறகு எண்ணினேன், ஏழு இருந்தன," என்று எழுதியிருந்தான் ஒருவன். சந்திப்பிழை இருந்தது, உயிரும் இருந்தது. பிழையை நாம் திருத்திக் கொடுக்கலாம். உயிரை எவ்வாறு கொடுப்பது?

ஆசிரிய நண்பர்களே, மாதிரிக் கட்டுரை நூலை மூடுங்கள். பள்ளிக்கு அருகே காடு இல்லையெனில் ஓர் ஆற்றங்கரை, ஓர் ஒற்றை மரம் போதும். சப்பாத்தைக் கழுவிவிடலாம், ஏட்டில் ஏறிய பொய்யைக் கழுவுவது கடினம்.