பழி பேனல் மேலயா?



2011-ல் தமிழக அரசு பசுமை வீடுகள் திட்டம் கொண்டு வந்தது. கிராம ஏழைகளுக்கு 300 சதுர அடி வீடு, அதில் 5 சோலார் விளக்கு. ராயகிரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்க சித்திக்கும் ஒன்று கிடைத்தது.

"பகலெல்லாம் வெயிலு கொளுத்துது, ராத்திரி லைட்டு எரிய மாட்டேங்கு. சோலாரே வேஸ்ட்டுடா" என்றார் சித்தி. மீட்டர் வைத்துப் பார்த்தேன். பேனல் நன்றாகவே இருந்தது. பேட்டரி மூடியைத் திறந்தால், தகடுகள் வறண்டு கிடக்கின்றன! சார்ஜ் கன்ட்ரோலர் கெட்டதும் யாரோ அதைக் கழற்றிவிட்டு, நேரடியாக ஒயரை முறுக்கி விட்டிருக்கிறார்கள்.

12 வோல்ட் பேனல் என்று பெயர்தான். நல்ல வெயிலில் 17, 18 வோல்ட் வரை தரும். பேட்டரிக்கோ 14.4 வோல்ட் அளவில் நிறுத்த வேண்டும். நிறுத்த ஆள் இல்லையென்றால், நிறைந்த பிறகும் கரண்ட் ஏறும். தண்ணீர் வாயுவாகிப் பறந்துவிடும். அப்புறம் டிஸ்டில்டு வாட்டரும் ஊற்றாவிட்டால் பேட்டரி என்ன செய்யும், பாவம்!

லெட் ஆசிட் பேட்டரியைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஹைட்ரோமீட்டரைக் கையில் பிடித்தவர் நம்மில் எத்தனை பேர்? அரசு பேனல் கொடுத்தது. பராமரிக்க ஒரு கையும் வேண்டும். அந்தக் கை நாம்தான். லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு மீட்டர், ஒரு ஹைட்ரோமீட்டர், ஒரு பாட்டில் டிஸ்டில்டு வாட்டர் எடுத்துப் போவோமே!

பேனல் 25 வருஷம் உழைக்கும். அதுவரை வீடு இருட்டில் கிடந்தால், டிப்ளமோ படித்த நமக்குத்தான் வெட்கம்.

— மூன்றாம் ஆண்டு மின்னியல் மாணவர், ராயகிரி